பள்ளி வாசல் சாலை: எதை முதலில் செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் ஏரியா சபைகளிலும் சாலைப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள் வெவ்வேறு வாய்களிலிருந்து வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையையும் தமிழ்நாட்டின் பிற மாநகராட்சிகளையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

நடந்து போறவங்களுக்கு அவ்வளவு ஆபத்தா? வண்டியில போறவங்கதானே அதிகம் சாகுறாங்க?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டில் மொத்தம் 17,884 உயிர்கள் போயின. இருசக்கர வாகனத்தில் செல்வோரின் பங்கு இதைவிடப் பெரிது என்பது உண்மை. ஆனால் நடந்து செல்பவரால் பிறருக்கு ஆபத்து மிகக் குறைவு. பிறரால் அவருக்கு ஏற்படும் ஆபத்தோ மிக அதிகம்.

குழந்தைகளிடம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 120 சென்டிமீட்டர். வாசலருகே நிற்கும் ஓர் ஆட்டோவே அதை முழுவதுமாக மறைத்துவிடும். பிள்ளைக்கு வண்டி தெரியாது, ஓட்டுநருக்குப் பிள்ளை தெரியாது.

எப்பப் பார்த்தாலும் 30 கிலோமீட்டர்னு சொல்றீங்களே, அந்த நம்பர்ல அப்படி என்ன இருக்கு?

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகும் என்று கொண்டால், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்கோடு அது மொத்தம் 13 மீட்டர் அளவில் நின்றுவிடும். அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த முதல் வினாடியிலேயே 14 மீட்டர் ஓடியிருக்கும். அதாவது 13 மீட்டர் தொலைவில் குறுக்கே வரும் குழந்தையின் முன், மெதுவாக வந்த வண்டி நின்றிருக்கும். வேகமாக வந்த வண்டியின் பிரேக் இன்னும் மிதிக்கப்பட்டே இருக்காது.

மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 30க்கும் 50க்கும் இடையே அது கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. பள்ளியருகே செய்யும் வேலைகளில் வேகத்தைக் குறைப்பதே முதலாவது என்று நான் வலியுறுத்துவதன் காரணம் இந்தக் கணக்குதான். பின்வரும் விடைகளில் பெரும்பாலானவை இதையே சார்ந்து நிற்கின்றன.

அப்படின்னா '30 கி.மீ.' போர்டு வச்சுட்டா போதுமே?

போதாது. சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என்று போக்குவரத்துக் காவல் துறை வரம்பு விதித்துள்ளது. அது நல்ல தொடக்கமே. ஆனால் ஓட்டுநர் தன் வேகத்தைப் பலகையைப் படித்துத் தீர்மானிப்பதில்லை. எதிரே விரியும் சாலையின் அகலத்தையும் நேரான ஓட்டத்தையும் பார்த்தே தீர்மானிக்கிறார். அகலமாகவும் வழவழப்பாகவும் போட்டுவிட்ட சாலையில் மெதுவாகப் போகச் சொல்லும் பலகை வெறும் வேண்டுகோளாகவே நிற்கும்.

வாசலுக்கு முன்னும் பின்னும் சாலையின் ஓரங்களை உள்ளே இழுத்துக் குறுக்குவது, கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது, கிளைத் தெரு திரும்பும் முனையின் வளைவை இறுக்குவது ஆகியவை ஓட்டுநரைக் கேட்காமலேயே வேகத்தைக் குறைப்பவை. பலகை இவற்றோடு சேர்ந்து வர வேண்டும்.

வேகத்தடை வேணும்னு கேட்டு வாங்கிட்டோம். இன்னும் என்ன?

என்ன மாதிரியான வேகத்தடை என்று பார்க்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு சாலை வடிவமைப்புத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைப் பேராயம் (ஐ.ஆர்.சி.) பரிந்துரைக்கும் வட்ட வடிவ மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நம் தெருக்களில் ஓர் இரவில் முளைக்கும் மேடுகளில் பல இதில் பாதி அகலம்கூட இல்லாதவை. அவற்றில் இருசக்கர வாகனங்கள் துள்ளி விழுகின்றன, ஆம்புலன்ஸ் தடுமாறுகிறது, ஆறு மாதத்தில் யாரோ புகார் கொடுக்க மேடு பெயர்த்தெடுக்கப்படுகிறது. பிறகு வேகத்தடையே தவறு என்ற முடிவுக்கு எல்லாரும் வந்துவிடுகிறார்கள்.

பள்ளி வாசலுக்கு என் தேர்வு, மேற்புறம் தட்டையாக இருந்து அதன்மேலேயே பிள்ளைகள் கடக்கக்கூடிய உயர்த்தப்பட்ட கடப்பிடம். வேகத்தடையும் ஜீப்ரா கோடும் ஒரே வேலையில் முடிகின்றன. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இறங்கி ஏறும் தொல்லை இல்லை.

ஜீப்ரா கோடு கேட் எதிர்லயே இருக்கு. ஆனா யாரும் அதுல கடக்கிறதில்லையே?

பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்காமல் கோடு போட்டதன் விளைவு அது. பேருந்து நிறுத்தம் வாசலிலிருந்து 150 மீட்டர் தள்ளி எதிர்ப்புறம் இருந்தால், இறங்கிய இடத்திலேயே அவர்கள் கடந்துவிடுவார்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் அரை மணி நேரம் நின்று, யார் எங்கே கடக்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் குவியும் இடமே கடப்பிடம்.

சாலையின் அகலத்தையும் கவனியுங்கள். சிறு பிள்ளையின் நடை வேகம் வினாடிக்கு 0.9 மீட்டர் என்றால், 7 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க 8 வினாடி ஆகும். அந்த 8 வினாடியில் 50 கிலோமீட்டர் வேக வாகனம் 110 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தொலைவில் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கும் பக்குவம் சிறு பிள்ளைகளுக்குக் கிடையாது. அகலமான சாலையென்றால் நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டாயம் வேண்டும்.

பேசாம ஒரு நடை மேம்பாலம் கட்டிட்டா பிரச்சினை முடிஞ்சுதே?

இந்த யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்க வசதியான திட்டம் என்பதாலோ என்னவோ, எளிதில் ஒப்புதலும் பெற்றுவிடுகிறது. வாகனங்களுக்கு 5.5 மீட்டர் இடைவெளி விட்டு, தளத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 6 மீட்டர் ஏற வேண்டும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 40 படிகள், அந்தப் பக்கம் இறங்க இன்னொரு 40. புத்தகப் பையோடு மணியடிக்கும் நேரத்தில் ஓடிவரும் பிள்ளை கீழேயே கடக்கும். பாலம் வந்த பிறகு கீழே கடப்பது அதன் குற்றமாகவும் ஆகிவிடும். லிஃப்ட் வைத்த பாலங்களும் லிஃப்ட் ஓடும் நாள் வரைதான்.

விதிவிலக்கு உண்டு. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை போன்ற, பல தடங்களில் கனரக வாகனங்கள் இடைவிடாது ஓடும் நெடுஞ்சாலைகளில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ தேவைப்படலாம். நகருக்குள் இருக்கும் பேருந்துச் சாலைக்கும் வார்டுச் சாலைக்கும் அது பொருந்தாது.

நடைபாதை போட்டுக் கொடுத்தாச்சு. அப்புறமும் பசங்க ரோட்டுல நடந்தா யார் என்ன செய்ய முடியும்?

அந்த நடைபாதையில் நீங்கள் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். வாசலிலிருந்து பத்தடி போனதும் ஒரு மின் பகிர்மானப் பெட்டி. அதன் கதவு பாதி திறந்திருக்கும். அதைச் சுற்றி இறங்கி ஏறினால் மழைநீர் வடிகாலின் மூடி ஒரு சாண் உயர்ந்து நிற்கும். அடுத்து ஒரு வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்காகப் போட்ட சரிவு, அதன்மேல் நிறுத்திய ஸ்கூட்டர், பிறகு டிரான்ஸ்ஃபார்மர். ஐம்பது மீட்டருக்குள் நான்கு முறை சாலையில் இறங்கச் சொல்லும் பாதையில், முதல் முறை இறங்கியவர் திரும்ப ஏறுவதில்லை. பெரியவர்களும் அப்படித்தான்.

சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல், தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் கேட்கிறது. விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மரமும் கம்பமும் பெட்டியும் அந்த 1.8 மீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். எனவே புது நடைபாதை கேட்பதற்கு முன், இருக்கும் நடைபாதையில் அறுபடும் இடங்களைப் பட்டியலிட்டுக் கொடுங்கள். பெரும்பாலும் அதில் பாதி, மின் வாரியத்தோடு மாநகராட்சி ஒரு முறை பேசினால் தீரக்கூடியது.

பிளாட்ஃபாரக் கடைகளைத் தூக்கிட்டா இடம் கிடைக்காதா?

தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நகர விற்பனைக் குழு வழியாக விற்பனை மண்டலம் வகுத்தே அவர்களை ஒழுங்குபடுத்த முடியும். மாங்காய்க் கீற்று விற்கும் அம்மாவின் கூடை அடைப்பதைவிட, நிறுத்தி வைத்த கார்கள் அடைக்கும் இடம் பல மடங்கு அதிகம். கார்களிலிருந்து தொடங்குவது நியாயம்.

உண்மையைச் சொல்லணும்னா, நெரிசலே பெற்றோர் வண்டியாலதானே?

பெருமளவுக்கு ஆம். சாலை ஆபத்தானது என்பதால் பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விடுகிறோம். அந்த வண்டிகளால் சாலை மேலும் ஆபத்தாகிறது. நேற்றுவரை நடந்து வந்த பிள்ளையின் வீட்டாரும் வண்டி எடுக்கிறார்கள். இதை உடைக்கப் பள்ளியால் இயன்ற வழிகள் இருக்கின்றன. வகுப்புவாரியாகப் பத்து நிமிட இடைவெளியில் விடுவது, வாசலிலிருந்து 100 மீட்டர் தள்ளி இறக்கிவிடும் இடம் குறிப்பது, காவல் துறையின் அனுமதியோடு பள்ளி தொடங்கும், விடும் அரை மணி நேரத்துக்கு வாசல் தெருவுக்குள் வாகனங்கள் வராமல் தடுப்பது என மூன்றுமே பெரிய செலவில்லாதவை.

பள்ளி வாகனங்கள் தனிக் கதை. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பின், தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று அதே ஆண்டில் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. உதவியாளர் இறங்கிப் பிள்ளையைக் கடக்க வைக்கிறாரா என்பதைப் பெற்றோரே கவனிக்கலாம்.

மனுவை யார்கிட்ட கொடுக்கணும்? கவுன்சிலர் இது எங்க ரோடு இல்லைங்கிறார்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். உட்தெருக்களும் பல பேருந்துச் சாலைகளும் மாநகராட்சியுடையவை. சில முக்கியச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. சில தேசிய நெடுஞ்சாலைகள். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கேட்டால் விதியைக் காட்டி மறுப்பார்கள். அங்கே சிக்னல், நடுத் திட்டு, சர்வீஸ் சாலை என்று கேட்க வேண்டும். வேக வரம்பும் வாகன நிறுத்தத் தடையும் காவல் துறை வழியாக வருபவை.

யாருடைய சாலை என்பது தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல துறைகள் சம்பந்தப்பட்டிருந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக அனுப்புவதே பலன் தருகிறது. தனி நபர் மனு தபாலில் தூங்கும். தீர்மான எண் போட்ட மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

கோடிக்கணக்குல மேம்பாலம் கட்டுறாங்க. பள்ளி வாசலுக்கு மட்டும் ஏன் பணம் வரமாட்டேங்குது?

திட்டங்களை எடைபோடும் தராசு அப்படி அமைந்திருக்கிறது. மேம்பாலத்தின் பயன், வாகனங்களுக்கு மிச்சமாகும் நிமிடங்களாகவும் எரிபொருளாகவும் கணக்கிடப்படுகிறது. சிக்னலில் ஒரு லட்சம் வண்டிகளுக்கு இரண்டு நிமிடம் மிச்சம் என்றால் தொகை பிரமாதமாக வரும். சாலையைக் கடக்கப் பயந்து நிற்கும் பிள்ளையின் நிமிடங்களோ, பயந்து வண்டிக்கு மாறிய குடும்பத்தின் செலவோ அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

கொள்கைக்குப் பஞ்சமில்லை. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்றது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற கொள்கையோ போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொன்னது. பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட பாதசாரிகள் வளாகம், மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று. ஆனால் எந்த வேலை அந்த 60 விழுக்காட்டில் சேரும் என்பதில்தான் சூட்சுமம். வடிகாலின் மேல் மூடி போட்டதும் எஸ்டிமேட்டில் 'நடைபாதை' ஆகிவிடும். பட்ஜெட்டைப் பார்ப்பவர்கள் தொகையோடு நின்றுவிடாமல், எத்தனை மீட்டர் தொடர்ச்சியான பாதை, எத்தனை கடப்பிடம் என்று கேட்க வேண்டும்.

எங்க மாநகராட்சியில நூத்துக்கணக்கான பள்ளிக்கூடம். எதுல ஆரம்பிக்கிறது?

நடந்தும் சைக்கிளிலும் பேருந்திலும் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வாசல் சாலையில் வாகனங்கள் உண்மையில் ஓடும் வேகம், கடக்க வேண்டிய அகலம், இந்த மூன்றை மட்டும் வைத்து ஒவ்வொரு பள்ளிக்கும் மதிப்பெண் போட்டாலே வரிசை தெளிவாகிவிடும். தலைமையாசிரியரிடம் கேட்டால் முதலாவது ஒரே நாளில் கிடைக்கும். மற்ற இரண்டுக்கு இளநிலைப் பொறியாளர் ஒருவர் போய் வந்தால் போதும். இருபது அளவுகோல் வைத்துக் கலந்தாய்வு நிறுவனத்திடம் கொடுத்தால் அறிக்கை வருவதற்குள் இரண்டு கல்வியாண்டு போய்விடும்.

வரிசை தயாரானதும் அதை வெளியிட வேண்டும். வெளியிடாத பட்டியலில் செல்வாக்குள்ளவரின் பள்ளி ஏழாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு நகர்வது யாருக்கும் தெரியாது.

எங்க ஸ்கூல் முன்னாடி இதுவரைக்கும் ஆக்சிடென்ட் நடக்கலை. அப்புறம் எப்படி முன்னுரிமை கேட்கிறது?

கேள்விகளிலேயே கடினமானது இதுதான். தேசிய நெடுஞ்சாலைகளில் 'கரும்புள்ளி' என்று ஓர் இடத்தை அறிவிக்க, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நிகழ்ந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் இந்த அளவைப் பள்ளி வாசலுக்கும் கொண்டுவந்தால், சவங்களை எண்ணிய பிறகே வேலை தொடங்கும்.

கடப்பிடத்துக்கான பேராயத்தின் அளவுகோல்களில் ஒன்றும் இப்படியே. உச்ச நேரத்தில் ஒரு மணிக்குக் கடப்போரின் எண்ணிக்கையை, வாகன எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத் தடுப்பில்லாத சாலையில் விடை 10 கோடியையும், தடுப்புள்ள சாலையில் 20 கோடியையும் எட்ட வேண்டும். மணிக்கு 1,000 வாகனங்கள் ஓடும் சாலையில் 100 பேர் கடந்தால் சரியாக 10 கோடி. 60 பிள்ளைகள் கடந்தால் 6 கோடி, தகுதி இல்லை. கடக்கவே முடியாத சாலையில் கடப்போர் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பதை இந்தச் சூத்திரம் அறியாது. பள்ளிக் கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதையும் அறியாது. எனவே மனுவில் கடப்போரோடு, கடக்காமல் வண்டியில் வருவோரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முந்தைய விடையில் சொன்ன வேகத்தையும் அகலத்தையும் முன்வையுங்கள். விபத்துக் கணக்கு ஒரு கூடுதல் சான்றாக இருக்கலாம், நுழைவுச் சீட்டாக இருக்கக் கூடாது.

நிதி இல்லைங்கிறாங்க. அதுக்கு மேல என்ன பேச முடியும்?

நிறையப் பேசலாம். நகராட்சி தன் சட்டக் கடமையை நிறைவேற்றாமல் இருக்க நிதி இல்லை என்பது காரணமாகாது என்று ரத்லம் நகராட்சி வழக்கில் 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சாக்கடை பற்றிய வழக்கு என்றாலும் வாதத்தின் சாரம் பொருந்தும்.

செலவும் பெரிதில்லை. தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் 'அமெண்ட்' என்ற தொண்டு அமைப்பு, ஆபத்து மிகுந்த பள்ளிகளைத் தேர்ந்து, வேகத்தடை, தடுப்புத் தூண், நடைபாதை, கடப்பிடம் போன்ற எளிய வேலைகளைச் செய்தது. சில இடங்களில் பள்ளியின் வாசலையே பெரிய சாலையிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு மாற்றியது. அத்திட்டத்துக்கு உலக வளக் கழகத்தின் நகரங்களுக்கான ராஸ் பரிசு 2019இல் கிடைத்தது. வாசலை மாற்றும் யோசனையை நம் பள்ளிகள் ஏனோ எண்ணிப் பார்ப்பதே இல்லை. சுற்றுச்சுவரில் ஒரு திறப்பும் ஓர் இரும்புக் கதவும் போதும்.

இன்னொரு வழி, நடக்கவிருக்கும் வேலையோடு ஒட்டிக்கொள்வது. சாலை மறுபடி தார் போடப்படும் நாளில் பழைய ஜீப்ரா கோடு புதைந்துபோகிறது; மேலே மேலே போட்டுச் சாலை மட்டம் உயர்ந்தால் நடைபாதையின் விளிம்பும் புதைகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவதும், கோடும் உயர்த்தப்பட்ட கடப்பிடமும் அதே எஸ்டிமேட்டில் இருப்பதும் டெண்டருக்கு முன் கேட்டால் கிடைக்கும். டெண்டர் முடிந்த பிறகு கேட்டால் அடுத்த முறைதான்.

நடைபாதை எங்க உரிமைன்னு சட்டப்படி சொல்ல முடியுமா?

முடியும். தடையற்ற நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் வந்த உத்தரவு, பாதசாரிகள் தொடர்பான விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களைப் பணித்தது. சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதே சட்டத்தின் 198ஏ பிரிவு இடமளிக்கிறது. தரமற்ற வேகத்தடையில் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்பவர்களுக்கும் விடை அதிலேயே உண்டு.

பிள்ளைகளுக்குச் சாலை விதி சொல்லிக் கொடுத்தா பாதிப் பிரச்சினை தீராதா?

சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான், சாலைப் பாதுகாப்புப் படை (ஆர்.எஸ்.பி.) மாணவர்கள் பள்ளி வாசலில் செய்யும் பணியும் மதிக்கத்தக்கது. ஆனால் ஜீப்ரா கோடு பற்றிய முந்தைய விடையில் சொன்னபடி, சிறு பிள்ளையால் வேகத்தைக் கணிக்க இயலாது. மேலும், பத்து வயதுப் பிள்ளையை விசிலோடு போக்குவரத்தின் நடுவில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேலை முடிஞ்சுது. பலன் இருக்கான்னு எப்படித் தெரியும்?

வேலைக்கு முன்பே அளந்து வைத்திருந்தால் தெரியும். சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் குறி போடுங்கள். ஒரு வண்டி முதல் குறியிலிருந்து இரண்டாவதைக் கடக்கும் நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். 6 வினாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், 4.5 என்றால் 40, 3.6 என்றால் 50. நெரிசலில் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகும் என்பதால், பள்ளி தொடங்குவதற்குச் சற்று முந்திய, சாலை ஓரளவு காலியாக இருக்கும் நேரத்தில் நூறு வண்டிகளை அளந்து, 6 வினாடிக்குள் கடந்தவை எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அதே இடத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். முதல் வாரத்தில் அளந்தால் புது மேட்டைக் கண்டு எல்லாரும் மெதுவாகப் போவார்கள். அந்த எண்ணை நம்ப முடியாது. இரண்டு தாள்களையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில் ஒட்டி, ஒரு நகலை மண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பள்ளிக்கு எஸ்டிமேட் போடும்போது பொறியாளருக்கு அதுவே கைகொடுக்கும்.